ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்: விடுதியும் வாடகை அறையும்

ஜூன் பிறந்தால் எங்கள் கைப்பேசிகள் ஓய்வதில்லை. நகரத்துக் கல்லூரியில் இடம் வாங்கிய பிள்ளைகளும், அவர்களைவிடப் பதற்றமாக அவர்களுடைய அப்பா அம்மாக்களும் அழைப்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "காலேஜ் ஹாஸ்டல்ல சேக்கறதா, வெளிய ரூம் எடுக்கறதா? எதுல சார் செலவு கம்மி?" ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் விடுதி, வலப்பக்கம் அறை என்று எழுதிக் கூட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. கூட்டல் சரியாகத்தான் வரும். ஆனால் வலப்பக்கத்தில் எழுத வேண்டிய ஒரு செலவுக்கு எண் போட எங்களால் முடிந்ததில்லை. அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று தேடினால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னே போக வேண்டியிருக்கிறது.

பாபாசாகேப் அம்பேத்கர் படித்த காலத்தில் தங்கிய முகவரிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள் தோழர்களே. 1913-இல் நியூயார்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் சில நாள். சாப்பாடு ஒத்துவரவில்லை. பிறகு காஸ்மாபாலிட்டன் கிளப். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால் விடுதி, அறைத் தோழர் நவல் பதேனா என்ற பார்சி நண்பர். பரோடா அரசு தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு. அதில் தங்கி, சாப்பிட்டு, புத்தகம் வாங்கி, வீட்டுக்கும் அனுப்பினார். கையில் காசு இழுபறிதான். ஆனால் அந்த விடுதியில் கட்டில் கொடுப்பதற்கு முன் அவரிடம் யாரும் சாதி கேட்கவில்லை. படித்த மூன்று ஆண்டுகளில் அறை தேடி அலைந்த பொழுது என்று ஒன்று அவருக்குப் பெரிதாக இல்லை. அத்தனை பொழுதும் நூலகத்துக்குப் போனது.

அடுத்த முக்கியமான முகவரி பரோடா, 1917. வெளிநாட்டில் படித்த பட்டதாரி, மன்னர் அரசில் பயிற்சி அதிகாரி. உதவித்தொகைக்கு ஈடாகப் பத்து ஆண்டுகள் அந்த அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டிருந்தார். ஊரில் இந்து விடுதிகள் இருந்தன. அங்கே இவரைச் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளுக்கான சத்திரம் ஒன்றுக்குப் போனார். காப்பாளர் இவர் பார்சி இல்லை என்று தெரிந்தும், காலியாகக் கிடந்த இடத்தில் ஏதாவது வருமானம் வரட்டுமே என்று ஒத்துக்கொண்டார். தங்கலும் சாப்பாடும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். ஒரு நிபந்தனை மட்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுத வேண்டும்.

நாங்கள் எண் போட முடியாமல் தவிக்கிற செலவு இதுதான். வாடகை ஒன்றரை ரூபாய், கூடவே சொந்தப் பெயர்.

மின்விளக்கு இல்லாத பெரிய கூடம், ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. பதினொன்றாம் நாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு டஜன் பார்சிகள் தடியோடு மாடி ஏறி வந்தார்கள். மாலைக்குள் காலி செய் என்றார்கள். ஓர் இந்து நண்பரிடம் கேட்டார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறித்தவ நண்பரிடம் கேட்டார். மனைவி ஊரிலிருந்து வந்ததும் கலந்து பேசிச் சொல்கிறேன் என்றார் அவர். கிறித்தவத்துக்கு மாறிய பார்ப்பனக் குடும்பம் அது. இரவு ஒன்பது மணி பம்பாய் ரயிலுக்காகக் காமாட்டி பாக் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் அம்பேத்கரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சிறிய நூல்தான், இன்னும் படிக்காதவர்கள் ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒரு வாடகை இடம் கிடைக்காததால் பரோடா வேலையே போயிற்று. ஒன்றரை ரூபாய் வாடகையின் முழு விலை அதுதான்.

மூன்றாவது முகவரி லண்டன், 1920 முதல். கையிருப்பு சொற்பம். வெளியே, ஒரு கறாரான அம்மையார் நடத்திய உணவு விடுதியில் தங்கினார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஜாமும், இரவில் தெரிந்தவர் கொடுத்த அப்பளங்கள் சில என்று வாழ்ந்ததை அவர் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் பதிவு செய்திருக்கிறார். பிறகு கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் வீடு. அந்த வீட்டை 2015-இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது. பசித்துக் கிடந்த வாடகை அறை இன்று சுற்றுலா இடம். சொல்ல வருவது வேறு. லண்டனில் அவரை வாட்டியது பசி. பரோடாவில் அவரைத் துரத்தியது சாதி. இரண்டையும் 'வெளியே தங்கும் செலவு' என்ற ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

அதனால்தான் நம் முன்னோடிகள் பள்ளிக்கூடம் கேட்ட அதே மூச்சில் விடுதியும் கேட்டார்கள். கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901-இல் மராத்தா மாணவர்களுக்கு விடுதி தொடங்கினார். அடுத்தடுத்து ஜைனர், முஸ்லிம், லிங்காயத்து என்று சமூகத்துக்கொரு விடுதி வந்தது. 1908-இல் தீண்டப்படாத மாணவர்களுக்காக மிஸ் கிளார்க் விடுதி. ஏன் தனித்தனியாக? ஒரே பந்தியில் உட்கார எந்தச் சாதியும் தயாராக இல்லை என்பதுதான் அதற்கு நேர்மையான பதில். அதைச் சாகுவின் குறை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஊர் ஒன்றுசேரும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை படிக்காமலே போயிருக்கும்.

நம் பக்கம் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளியோடு சேர்த்து மாணவர்கள் தங்கிப் படிக்கவும் வழி செய்தார். சென்னை மாகாணத்தில் 1920-களில் தாழ்த்தப்பட்டோரின் கல்வியும் மனைப்பட்டாவும் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் வந்தன. 1949-இல் அது அரிஜன நலத்துறை ஆனது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கே இருக்கிறது.

அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியதும் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, 1925 சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. பரோடா பூங்காவில் உட்கார்ந்திருந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது எங்கள் ஊகம்தான். ஆனாலும் போடாமல் இருக்க முடியவில்லை. பின்னாளில் மக்கள் கல்விக் கழகம் 1950-இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியைத் தொடங்கியபோதும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதிகள் உடன் வந்தன. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் உருவானபோது அந்த இளைஞர்கள் கூடிப் பேசிய இடங்களில் முக்கியமானது வடாலாவில் இருந்த சித்தார்த் விகார் விடுதி. வாடகை அறையில் நான்கு பேர் படுக்கலாம். நாற்பது பேர் விடிய விடிய வாதாட விடுதிதான் வேண்டும். விடுதியைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் வரவுப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இனி அரசின் கணக்கு. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944-இல், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்காக நடுவண் அரசின் உதவித்தொகை தொடங்கியது. இன்று நீங்கள் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் அதன் தொடர்ச்சி. இந்தத் திட்டம் மாணவரை இரண்டு வகையாகத்தான் பார்க்கிறது. ஒருவர் 'ஹாஸ்டலர்', மற்றவர் 'டே ஸ்காலர்'. விடுதியில் இருப்பவருக்கு அதிகம், வீட்டிலிருந்து வருபவருக்குக் குறைவு. நியாயமான பிரிவினை போலத்தான் தெரியும். வீட்டில் இருப்பவர் வாடகை கட்டுவதில்லை, அம்மா கையால் சாப்பிடுகிறார். ஆனால் விடுதியில் இடம் கிடைக்காமல், வீடும் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்க, வெளியே அறை எடுத்துத் தங்குகிற மாணவர் எந்தக் கட்டத்தில் வருவார்?

2010-இல் திருத்திய விதிகளில் இதற்கு ஒரு சின்ன வாசல் இருந்தது. கல்லூரி விடுதியில் இடம் இல்லையென்றால், கல்லூரித் தலைவர் நேரில் பார்த்து ஒப்புதல் தருகிற வாடகை இடத்தையும் விடுதியாகக் கருதலாம். நிபந்தனை: குறைந்தது ஐந்து மாணவர்கள் சேர்ந்து எடுத்த இடமாக இருக்க வேண்டும். இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 சூனில் பி.ஏ. வரலாறு படிக்கச் சென்னை வந்த ஒரு தம்பியின் நோட்டு எங்களிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கல்லூரி விடுதியில் இடம் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதிப் பட்டியலில் அந்த ஆண்டு அவர் பெயர் வரவில்லை. ஊர்க்காரப் பையன்கள் மூன்று பேரோடு சேர்ந்து அறை தேடினார். பதினோரு இடம் பார்த்ததாக எழுதியிருக்கிறார். "எந்த ஊர்?" என்பதோடு நின்றால் பரவாயில்லை. "ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? யாரைத் தெரியும்?" என்று போகும். ஓரிடத்தில் காலையில் சாவியைக் கையில் கொடுத்தவர், மாலையில் ஊர்ப்பெயர் விசாரித்த பிறகு "சொந்தக்காரப் பையன் வர்றான்பா" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். 'டூ-லெட்' பலகை மட்டும் அடுத்த மாதம்வரை தொங்கியது. பன்னிரண்டாவது இடத்தில் இவர்கள் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னார்கள். பரோடா சத்திரத்துப் பதிவேட்டுக்கு இன்னொரு பக்கம் சேர்ந்தது.

நோட்டில் உள்ள கணக்கு இது. வாடகை 10,000. ஆளுக்கு 2,500. மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கினார். முதல் 100 யூனிட்டுக்கு அரசு தரும் இலவசம் மாடியில் குடியிருக்கும் பையன்களுக்கு இறங்கி வரவில்லை. தண்ணீர் கேனும் மின்சாரமும் சேர்த்து ஆளுக்கு 400. மெஸ்ஸில் மாதச் சாப்பாடு 3,500. பேருந்து 300. மொத்தம் மாதம் 6,700. பத்து மாதத்துக்கு 67,000. இதற்கு முன்னாலேயே அட்வான்ஸ் 60,000, ஆளுக்கு 15,000. பத்து மாத வாடகை கேட்டவரிடம் பேசிப் பேசி ஆறுக்குக் கொண்டுவந்தார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பாய், பக்கெட், பூட்டு தனி.

அதே கல்லூரி விடுதியில் இடம் கிடைத்த வகுப்புத் தோழருக்கு அறை, மெஸ் எல்லாம் சேர்த்து மாதம் 4,000-க்குள் முடிந்தது. அரசு நல விடுதியில் இருந்தவருக்குத் தங்கலும் சாப்பாடும் இலவசம்.

இப்போது உதவித்தொகை. பி.ஏ. மாணவருக்கு அன்று ஹாஸ்டலர் என்றால் மாதம் 570, டே ஸ்காலர் என்றால் 300. கல்லூரி அலுவலகத்தில் இவரை டே ஸ்காலர் என்று போட்டார்கள். வாடகை இடத்தையும் விடுதியாகக் கருதலாம் என்ற விதியை எடுத்துக்கொண்டு நாங்கள் போனோம். எழுத்தருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேர்னு இருக்கே, நீங்க நாலு பேர்தானே" என்றார். வீட்டுக்காரர் நாலு பேருக்கு மேல் கூடாது என்றார். அரசு ஐந்து பேர் வேண்டும் என்றது. நடுவில் தம்பிக்கு மாதம் 300. பத்து மாதத்துக்கு 3,000.

2021 மார்ச்சில் இந்தத் தொகை திருத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் பல ஆயிரம் கோடி என்று தலைப்புச் செய்தி வந்தது. மாதக் கணக்கு போய் ஆண்டுக் கணக்கு வந்தது. பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் ஹாஸ்டலருக்கு ஆண்டுக்கு 6,000, டே ஸ்காலருக்கு 3,000. திரும்பப் படியுங்கள். பத்து மாதம் என்று வைத்தால் 2010 விகிதத்தில் 5,700-ம் 3,000-ம். பதினோரு ஆண்டு விலைவாசிக்கு ஈடாக விடுதி மாணவருக்கு 300 ரூபாய் கூடியது, டே ஸ்காலருக்கு ஒன்றும் கூடவில்லை. தொழிற்படிப்புகளின் மேல்நிலைப் பிரிவில் 13,500, 7,000 என்று இருக்கிறது. அதுவும் ஆண்டுக்குத்தான். பணம் வருவதோ கல்வியாண்டின் கடைசியில். அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர் மார்ச் வரை காத்திருப்பாரா? அந்த இடைவெளியை நிரப்புவது கந்துவட்டி, இல்லையென்றால் அம்மாவின் கம்மல்.

விடுதிச் செலவும் கல்விச் செலவுதான் என்று தமிழ்நாடு அரசே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தது. நல்ல முடிவு. அதே நியாயம் கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கிற சேரிப் பிள்ளைக்கும் பொருந்தும்.

விடுதி என்றால் சொர்க்கம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி மாணவர்கள் சாப்பாடும் அடிப்படை வசதியும் கேட்டு எத்தனை முறை தெருவுக்கு வந்தார்கள் என்பது நாளிதழ்களில் இருக்கிறது. நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023-இல்தான் மாதம் 1,100-லிருந்து 1,500 ஆனது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. 'எஸ்.சி. ஹாஸ்டல்' என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த விடுதிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடம் பிற சமூக மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் பந்தியில் எல்லோருக்கும் இலை உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் 1920-களில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டு நாடே சண்டையிட்டது இதே தமிழ்நாட்டில்தான்.

விடுதி கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை ஐதராபாத் காட்டியது. 2015 திசம்பரில் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் மத்தியப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து பேரும் வளாகத்திலேயே திறந்தவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட நம் குடியிருப்பின் பெயர் அது. 2016 சனவரி 17 அன்று ரோகித் இறந்தபோது ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது. அதைத் தன் கடைசிக் கடிதத்தில் அவர் எழுதி வைத்தார்.

இன்னொன்று, 2019 அக்டோபர். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருவர் அறை வாடகையை மாதம் 10 ரூபாயிலிருந்து 300 ஆகவும், தனி அறைக்கு 20-லிருந்து 600 ஆகவும் உயர்த்தினார்கள். புதிதாகச் சேவைக் கட்டணம் மாதம் 1,700. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு ஓரளவு சலுகை அறிவிக்கப்பட்டது. அப்போது தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது. "வெளியே முனிர்காவில் அறை எடுத்தால் எத்தனை ஆயிரம் ஆகும்? முந்நூறு ரூபாய்க்கா இந்தக் கூச்சல்?" நம் பிள்ளைகளிடம் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். முதலில், உயர்வு முந்நூறு இல்லை, சேவைக் கட்டணத்தையும் சேர்த்து இரண்டாயிரம். அடுத்து, முனிர்காவின் விலை எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தில் ஒரே தகுதியுள்ளவர்களை வெவ்வேறு சமூகப் பெயர்களோடு வீடு கேட்க வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லியில் வந்தது. ஆதிக்கச் சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித் பெயருக்கு மறுப்போ, கூடுதல் வாடகை போன்ற நிபந்தனையோ பலமுறை வந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிட மோசம். விடுதிக் கட்டணத்தை வெளிச்சந்தை வாடகையோடு ஒப்பிடச் சொல்கிறவர்கள், அந்தச் சந்தைக்குள் நுழையவே நமக்குத் தனிக்கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமையின் பேரில் பொது விடுதியில் சேர்க்க மறுப்பதும், ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் தடுப்பதும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் வீட்டுக்காரர் யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "நாங்க வெஜிடேரியன்பா" என்பார்கள். "பேச்சிலருக்குத் தர்றதில்ல" என்பார்கள். எந்தக் காவல் நிலையத்தில் அதை எழுதிக் கொடுப்பது?

அந்தத் தம்பிக்கு இரண்டாம் ஆண்டில் நல விடுதியில் இடம் கிடைத்தது. அறையைக் காலி செய்தபோது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று சொல்லி வீட்டுக்காரர் 60,000-இல் 22,000-ஐப் பிடித்துக்கொண்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அதன் தமிழ் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவர் போனோம். எழுத்து ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார். ஒப்பந்தம் போட மறுத்ததே அவர்தான். வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றோம், உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் 12,000 திரும்பி வந்தது. ஆளுக்கு மூவாயிரம். "ஒரு வருஷ ஸ்காலர்ஷிப் அண்ணா" என்று சிரித்தபடி தம்பி அதையும் நோட்டில் வரவு வைத்தார்.